பழைய அனிமேஷன் படங்களில் மட்டும்தான் உயிர் இருந்ததா? ஓவியமும் கதையும் தனித்தனியே ஏறி இறங்கிய வரலாறு

2025 ஜனவரியில் ஓர் இராமாயணப் படம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்தது. ஜப்பானியரான யூகோ சாகோவும் நம் நாட்டு அனிமேஷன் முன்னோடி ராம் மோகனும் மற்றவர்களோடு சேர்ந்து 1993இல் கையால் வரைந்து முடித்த படம் அது. அதே ஆண்டு ஜூலையில், முழுக்கக் கணினியிலேயே செய்த 'மகாவதார் நரசிம்மா' வெளியானது. ஒரே ஆண்டில் இரண்டையும் பார்த்த குடும்பங்களுக்குள் ஒரு வாக்குவாதம் எழுந்தது. நீலகிரியில் கனமழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் நாட்களில் வீட்டுக்குள் அடைந்து படம் பார்க்கும் பிள்ளைகளும் பெரியவர்களும் இதே வாக்குவாதத்தைத் தொடர்கிறார்கள். "அந்தக் காலத்துப் படத்தில் உயிர் இருந்தது" என்கிறார்கள் பெரியவர்கள். "அது என்ன, ஆடாம அசையாம நிக்குது" என்கிறார்கள் பிள்ளைகள்.

இரு தரப்பும் ஏதோ ஒன்றைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக வைத்து அளக்கிறார்கள். ஓவியத்தின் நேர்த்தி ஒரு காரணத்தால் கூடிக் குறையும். கதையின் நேர்த்தி முற்றிலும் வேறொரு காரணத்தால் கூடிக் குறையும். கடந்த 90 ஆண்டுகளில் இவை இரண்டும் சேர்ந்து உச்சத்துக்குப் போன காலங்கள் குறைவு.

## முதலில் சில அடிப்படைகள்

1. பிரேம். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 80 நிமிடப் படம் என்றால் 1,15,200 பிரேம்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு புதிய ஓவியம் வரைந்தால் அசைவு வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் வேலை பாதியாகும்; கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்று, நான்கு பிரேமுக்கு நிறுத்தினால் வெட்டி வெட்டி நகரும். பிள்ளைகள் 'அசையாம நிக்குது' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

2. மூல ஓவியரும் இடை ஓவியரும். ஒரு பாத்திரம் கையைத் தூக்குகிறது என்றால், தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் முக்கியத் திருப்பங்களையும் மூத்த கலைஞர் வரைவார். நடுவில் வரும் ஓவியங்களை இளையவர்கள் நிரப்புவார்கள். நடிப்பு மூத்தவரின் பென்சிலில் பிறக்கிறது.

3. செல். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் தாள். பாத்திரத்தை இதில் மைக்கோட்டால் படியெடுத்து, பின்பக்கம் வண்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துப் புகைப்படம் எடுப்பார்கள். பாத்திரத்தின் நிறம் தட்டையாகவும் பின்னணி நீர்வண்ண ஓவியம்போல் ஆழமாகவும் தெரிவது இதனால்தான்.

4. ஸ்டோரிபோர்டு. படம் வரைவதற்கு முன், கதை முழுவதையும் சிறு சிறு சித்திரங்களாகச் சுவரில் குத்தி வைப்பது. அவற்றைத் தற்காலிகக் குரலோடு வரிசையாக ஓட்டிப் பார்ப்பதற்கு 'ரீல்' என்று பெயர்.

இந்த நான்காவதுதான் கட்டுரையின் மையம். அதற்கு முன் ஓவியத்தின் கதையைப் பார்த்துவிடலாம்.

## ஆழத்தைக் கண்டுபிடித்த காலம்: 1926 முதல் 1942 வரை

முழுநீள அனிமேஷன் என்றதும் டிஸ்னியிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு 11 ஆண்டுகள் முன்பே, 1926இல், லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண் கத்தரிக்கோலால் வெட்டிய நிழலுருவங்களை வைத்து, அரபுக் கதைகளிலிருந்து ஒரு முழுநீளப் படத்தை முடித்துவிட்டார். முகமே தெரியாத கறுப்பு உருவங்கள். ஆனாலும் யார் பயப்படுகிறார், யார் காதலிக்கிறார் என்பது தோளின் சாய்விலேயே தெரியும். இந்த உண்மை இந்தக் கட்டுரை முழுவதற்கும் வேண்டியது: உணர்வைக் காட்ட நுணுக்கமான விவரங்கள் கட்டாயமில்லை.

1937 டிசம்பரில் டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' வந்தது. இரண்டரை லட்சம் டாலரில் முடியும் என்று போட்ட கணக்கு சுமார் 15 லட்சம் டாலரில் போய் நின்றது. பணம் எங்கே போனது என்பதற்கு ஒரு பதில் மல்டிபிளேன் கேமரா. காட்சியைப் பல கண்ணாடி அடுக்குகளில் பிரித்து வரைந்து, ஒன்றன் கீழ் ஒன்றாக இடைவெளி விட்டு வைத்து, மேலிருந்து படம் எடுக்கும் உயரமான கருவி அது. ஒவ்வோர் அடுக்கையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்தலாம். குன்னூர் மலைப்பாதையில் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: சாலையோரத் தேயிலைச் செடி கண்ணைத் தாண்டிப் பறக்கும், நடுவில் இருக்கும் சில்வர் ஓக் மரம் மெதுவாக நகரும், எதிர்மலை மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். இந்த வேக வேறுபாட்டைத்தான் மூளை 'தூரம்' என்று படிக்கிறது. தட்டையான ஓவியத்துக்கு அதைக் கொடுத்ததால்தான் அந்தக் காலப் படங்களின் காடுகளுக்குள் நாமே நுழைவதுபோல் தோன்றுகிறது.

1942இல் வந்த 'பாம்பி' இன்னொரு பாடம் சொல்கிறது. காட்டில் நடக்கும் கதை. ஒவ்வோர் இலையையும் வரைந்தால் மான் இலைக்குள் தொலைந்துபோகும். சீனாவிலிருந்து சிறுவயதில் அமெரிக்கா போன டைரஸ் வாங் என்ற கலைஞர், பழைய சீன நிலக்காட்சி ஓவிய மரபிலிருந்து வழி காட்டினார். மான் நிற்கும் இடத்தில் மட்டும் நான்கு புல், ஒரு கிளை. மற்றதெல்லாம் பனிபோல் கரைந்த நிறம். கோத்தகிரிப் பக்கம் சோலைக்காட்டை மூடுபனி நாளில் பார்த்தவர்களுக்கு இது ஒப்பனை இல்லை, நிஜம் என்று தெரியும். கண் அப்படித்தான் பார்க்கும். வரையாமல் விட்ட இடம்தான் அந்தப் படத்தின் பெரிய ஓவியச் சாதனை என்பது என் கணிப்பு.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. போரால் ஐரோப்பியச் சந்தை மூடி, நிறுவனம் பணமுடையில் இருந்தபோது, 1941இல் சிக்கனமாக எடுத்த படம் 'டம்போ'. மொத்தமே 64 நிமிடம். எளிய பின்னணி, குறைந்த விவரம். ஆனால் அடைத்து வைத்த தாய்யானை, கம்பிகளுக்கு வெளியே தும்பிக்கையை மட்டும் நீட்டித் தன் குட்டியைத் தாலாட்டும் காட்சிக்கு ஈடான காட்சிகள் அதிக செலவில் எடுத்த படங்களில்கூட அரிது. தெப்பக்காடு முகாமில் தாயைப் பிரிந்த குட்டி யானைகளைப் பார்த்தவர்கள் அந்தத் தும்பிக்கை அசைவு எவ்வளவு கவனித்து வரையப்பட்டது என்பதை உணர்வார்கள்.

ஆக, முதல் காலகட்டத்திலேயே ஓவியச் செலவும் கதை வலிமையும் ஒன்றையொன்று பின்தொடரவில்லை.

## செலவு குறைந்தபோது கோடு மாறியது: 1950 முதல் 1988 வரை

1959இல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி'க்கு சுமார் 60 லட்சம் டாலர் செலவானது. அய்விண்ட் ஏர்ல் என்ற ஓவியர் ஒவ்வொரு பின்னணியையும் இடைக்கால ஐரோப்பியத் திரைச்சீலைபோல் நுணுகி வரைந்தார். எந்தக் காட்சியை நிறுத்தினாலும் சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் தலைப்புக்குரிய இளவரசி படம் முழுக்க மிகக் கொஞ்சமே பேசுகிறாள். அவள் எதற்கு ஆசைப்படுகிறாள், எதை இழக்கிறாள் என்பது நம் மனதில் தங்குவதில்லை. ஓவியத்தில் உச்சம், கதையில் சரிவு. வசூலும் செலவுக்கு ஈடாகவில்லை, ஆட்களைக் குறைத்தார்கள்.

அடுத்து நடந்தது தொழில்நுட்ப மாற்றம். அதுவரை ஓவியரின் பென்சில் கோட்டை, மைப்பிரிவில் இருந்த பெண்கள் கையால் செல்லில் படியெடுத்தார்கள். கோடு மெல்லியதாக, பல நிறங்களில் இருக்கும். 1961இல் வந்த '101 டால்மேஷன்ஸ்' என்ற புள்ளி நாய்க்குட்டிகளின் படத்தில் ஜெராக்ஸ் முறை முழுமையாகப் புகுந்தது. பென்சில் கோடு நேராகச் செல்லில் பதியும். நாய்க்குட்டிகளின் எண்ணற்ற புள்ளிகளைக் கையால் படியெடுக்க முடியாது என்ற நெருக்கடிக்கு இது விடையாக வந்தது. ஆனால் கோடு கறுத்து, சொரசொரப்பாகத் தெரிந்தது. பழைய நளினம் போயிற்று என்று சிலருக்கு வருத்தம். வால்ட் டிஸ்னிக்கே அது பிடிக்கவில்லை. என் பார்வையில் இழப்போடு ஒரு லாபமும் இருந்தது: மூத்த ஓவியரின் கைநடுக்கமும் வேகமும் அப்படியே திரைக்கு வந்தன.

1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி மறைந்தபின் சிக்கனம் இன்னும் இறுகியது. 1973இல் வந்த 'ராபின் ஹூட்' படத்தின் நடனக் காட்சியில், 'ஸ்நோ ஒயிட்' உள்ளிட்ட பழைய படங்களின் அசைவுகளையே எடுத்து வேறு பாத்திரங்களாக வரைந்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தையே கண்டுபிடிக்கும்.

தொலைக்காட்சி இதைவிடக் கடுமையான கட்டாயத்தை உண்டாக்கியது. 1957இல் தொடங்கிய ஹன்னா-பார்பெரா நிறுவனம் வாரந்தோறும் படம் கொடுக்க வேண்டியிருந்தது. உடல் அப்படியே நிற்கும், வாய் மட்டும் அசையும். அவர்களுடைய யோகி கரடிக்கும் ஹக்கிள்பெரி நாய்க்கும் கழுத்தில் காலரோ டையோ இருப்பதற்குக் காரணம் உண்டு: தலையைத் தனிச் செல்லில் அசைக்கும்போது ஒட்டு தெரியாமல் அது மறைத்துவிடும். இதைக் குறைந்த அசைவு முறை என்பார்கள். குறைந்த அசைவு என்றாலே தரக்குறைவு என்று முடிவுகட்டுவது தவறு. யுபிஏ என்ற அமெரிக்க ஸ்டுடியோ அதை விரும்பியே தேர்ந்து, 1950இல் எடுத்த குறும்படத்துக்கு ஆஸ்கர் வாங்கியது. ஜப்பானில் 1963 முதல் தெசுகா ஒசாமு அதே சிக்கனத்தில் தொலைக்காட்சித் தொடர் கொடுத்தார். அசைவில் விட்டதைக் காட்சிக் கோணத்திலும் கதை வேகத்திலும் ஈடுகட்டினார். இன்று நம் பிள்ளைகள் பார்க்கும் அனிமே எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து வளர்ந்தவை.

இந்தியாவிலும் முறையான பயிற்சி தொடங்கியது இதே காலத்தில்தான். 1956இல் அரசின் ஆவணப்பட நிறுவனமான பிலிம்ஸ் டிவிஷனுக்கு டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுத்தார். ஜாதகக் கதை ஒன்றிலிருந்து 1957இல் 'தி பேனியன் டீர்' உருவானது. ராம் மோகன் அந்தப் பட்டறையில் வளர்ந்தவர்.

## படச்சுருள் போனது, என்ன மாறியது?

நீலகிரிக்காரர்களுக்கு இந்தப் பகுதி நெருக்கமானது. 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ஊட்டி இந்து நகரில்தான் இருந்தது. வெள்ளி உப்பு பூசிய படச்சுருளுக்குத் தூசி குறைந்த, குளிர்ந்த சூழல் வேண்டும். 'இந்து' என்ற பெயரில் அந்தச் சுருள்கள் நாடெங்கும் போயின. எண்முறை (டிஜிட்டல்) படங்கள் வந்தபின் அந்த ஆலையின் பொருளுக்குத் தேவை வற்றியது. அதை நம்பியிருந்த குடும்பங்களின் வாழ்க்கை குலைந்தது.

அதே எண்முறை அலைதான் அனிமேஷனையும் மாற்றியது. படச்சுருள் காலத்தில் ஒவ்வொரு பிரேமும் ஒரு புகைப்படம். தவறினால் செல்லும் வீண், சுருளும் வீண், பல நாள் உழைப்பும் வீண். 1989இல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' கையால் வண்ணம் பூசிய செல்களோடு டிஸ்னி முடித்த கடைசி முழுநீளப் படம். அடுத்த ஆண்டிலிருந்து, கையால் வரைந்த கோட்டைக் கணினியில் ஏற்றி அங்கேயே வண்ணம் பூசினார்கள். 1991இல் வந்த 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பட்டியலில் இடம்பெற்ற முதல் அனிமேஷன் படமானது. கையின் நடிப்பும் கணினியின் வசதியும் உறுதியான கதையும் ஒரே இடத்தில் கூடிய அரிய சில ஆண்டுகள் அவை.

1995இல் 'டாய் ஸ்டோரி'. முழுக்கக் கணினியிலேயே உருவான முதல் முழுநீளப் படம். அன்றைய கணினிக்குத் தோல், முடி, துணி எதுவும் சரியாக வராது. பிளாஸ்டிக் மட்டும் நன்றாக வரும். எனவே பொம்மைகளின் கதை. படத்தில் வரும் மனிதர்களை இன்று பார்த்தால் மெழுகுபோல் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் இன்றைக்கும் ஐந்து வயதுக் குழந்தை அதை முழுதாக உட்கார்ந்து பார்க்கிறது. ஏன்?

## கதை எங்கே திருந்துகிறது

விடை அந்தப் படத்தின் உருவாக்கத்திலேயே இருக்கிறது. 1993இன் இறுதியில், படத்தைச் செய்துகொண்டிருந்த பிக்சார் நிறுவனத்தார் அதுவரை தயாரான ரீலை டிஸ்னி அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். கவ்பாய் பொம்மை வூடி அதில் அதிகாரம் செய்யும், குத்திப் பேசும், யாருக்கும் பிடிக்காத ஆள். தயாரிப்பே நின்றது. கதைக்குழு திரும்பப் போய், அதே பொறாமையை வைத்துக்கொண்டே, தன் இடம் பறிபோகுமோ என்று அஞ்சுகிற நல்ல தலைவனாக அவனை மாற்றி எழுதியது. மாற்றியது ரீல் கட்டத்தில் என்பதால் முடிந்தது. கணினியில் முழுக்க முடித்தபின் தெரிந்திருந்தால் பாத்திரம் அப்படியே வெளிவந்திருக்கும், அல்லது நிறுவனம் மூழ்கியிருக்கும்.

'ஸ்நோ ஒயிட்' காலத்திலும் இதுவே நடந்தது. குள்ளர்கள் சூப் குடிக்கும் காட்சியைப் பென்சிலில் முழுதாக அசைவூட்டி முடித்தபின், கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று எடுத்து எறிந்தார்கள். வரைந்தவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்! ஆனால் படம் அதனால்தான் நகர்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் விளக்கம் இது:

1. ஓவியத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை தொழில்நுட்பமும் கலைஞர்களின் எண்ணிக்கையும் சம்பளமும். பணம் கூடினால் அது பெரும்பாலும் கூடும்.

2. கதையின் தரத்தைத் தீர்மானிப்பது, மலிவான கட்டத்தில் எத்தனை முறை கலைத்துத் திரும்பக் கட்ட அவகாசம் கிடைத்தது என்பது. வெளியீட்டுத் தேதியை முதலில் அறிவித்துவிட்டுக் கதையைப் பின்னால் தேடும் படத்துக்கு எவ்வளவு பணம் கொட்டினாலும் இது கிடைக்காது.

3. ஓவியம் காலத்தோடு பழசாகும். அடுத்த தொழில்நுட்பம் வந்ததும் வித்தியாசம் தெரிந்துவிடும். பாத்திரத்தின் ஆசையும் அச்சமும் சரியாக அமைந்த கதைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

'அந்தக் காலத்தில் உயிர் இருந்தது' என்ற நினைவில் இன்னொரு மறைவான காரணமும் உண்டு. அந்தக் காலத்தின் மோசமான படங்களை யாரும் இன்று போட்டுப் பார்ப்பதில்லை. தேர்ந்தெடுத்து மிஞ்சியவற்றை, இந்த வாரம் வந்த எல்லாவற்றோடும் ஒப்பிடுகிறோம்.

## உண்மைபோல் இருப்பதும் உயிரோடு இருப்பதும்

கணினியின் வலிமை கூடக்கூட, நிஜத்தைப்போலவே செய்துவிட வேண்டும் என்ற ஆவலும் கூடியது. 2019இல் புதிதாக வந்த 'த லயன் கிங்' அதன் எல்லை. சிங்கத்தின் ஒவ்வொரு மயிரும் நிஜம். ஆனால் நிஜச் சிங்கத்துக்குப் புருவம் இல்லை. வருத்தத்தையோ வெட்கத்தையோ அது முகத்தில் காட்டாது. 1994இன் கைவரைவுப் படத்தில் குட்டிச் சிங்கம் அழும்போது நமக்குத் தொண்டை அடைக்கும். புதியதில் வனவிலங்குப் படம் பார்க்கும் மரியாதைதான் வருகிறது.

இந்தப் பாதையிலிருந்து திரும்பிய படங்களும் உண்டு. 2018இன் 'ஸ்பைடர்-வெர்ஸ்' கணினியில் செய்த படம்தான். ஆனால் அச்சிட்ட காமிக்ஸ் புத்தகத்தின் புள்ளிகளையும் கோடுகளையும் வேண்டுமென்றே கொண்டுவந்தது. அனுபவமில்லாத சிறுவனை ஓவியம் ஒன்றுக்கு இரண்டு பிரேமாகவும் அனுபவசாலியை ஒவ்வொரு பிரேமாகவும் அசைத்து, தடுமாற்றத்தைக் கணக்கிலேயே காட்டியது. முதலில் சொன்ன பிரேம் கணக்கு இங்கே கதை சொல்லும் கருவியாகிவிட்டது.

ஜப்பானின் கிப்லி நிறுவனம் 1985 முதல் பெரும்பாலும் கைவரைவை விடவில்லை. 1988இன் 'டோட்டோரோ'வில் இரண்டு சிறுமிகள் மழையில் பேருந்து நிறுத்தத்தில் அப்பாவுக்காகக் காத்திருக்கும் காட்சியில் நெடுநேரம் எதுவும் நடக்காது. தங்கை தூங்கி வழிவாள், மழை சொட்டும், அவ்வளவுதான். பந்தலூரில் கடைசிப் பேருந்துக்குக் காத்திருந்த யாரும் அந்தக் காட்சியை அரை நிமிடம் குறைக்கச் சொல்ல மாட்டார்கள். 2025 மார்ச்சில் தங்கள் புகைப்படங்களைச் செயற்கை நுண்ணறிவில் கிப்லி பாணிக்கு மாற்றிப் பலர் மகிழ்ந்தார்கள். அந்த மென்னிறங்கள் அதில் கிடைத்தன. எவ்வளவு நேரம் காத்திருக்க வைப்பது என்ற முடிவு ஒற்றைப் படத்தில் இருக்காது.

## வீட்டில் பார்ப்பவர்களுக்கு

பழையதா புதியதா என்பதை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து இவற்றைக் கவனிக்கலாம்.

1. ஐந்து நிமிடம் ஒலியை நிறுத்திப் பாருங்கள். யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார் என்று பிள்ளை சொல்லிவிட்டால் படத்தின் காட்சிமொழி வலுவானது. வீட்டில் படுகமோ கன்னடமோ மலையாளமோ பேசி, பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் கேட்கும் நம் மலைப் பிள்ளைகளுக்கு இது வெறும் பயிற்சி இல்லை. வசனத்தைத் தாங்கியே நிற்கும் படம் அவர்களுக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

2. யாரும் பேசாத நேரத்தில் பாத்திரம் என்ன செய்கிறது என்று பாருங்கள். கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தை வரைவதில்தான் செலவை மிச்சம் பிடிப்பார்கள்.

3. பின்னணியை ஓரிடத்தில் நிறுத்திப் பாருங்கள். எதை வரையாமல் விட்டிருக்கிறார்கள்?

வசனமே இல்லாத 'ஃப்ளோ' 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. வெள்ளத்தில் தப்பும் ஒரு பூனையின் கதை. லாட்வியா என்ற சின்ன நாட்டின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ், பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் தன் குழுவோடு அதைச் செய்தார். பூனையின் மயிர் தூரிகைத் தீற்றல்போல்தான் இருக்கும். காது திரும்புவதும் முதுகு வளைவதும் அச்சு அசல் பூனை.

நீலகிரியைப் பற்றி இப்படி ஒரு படம் யாராவது செய்தால், ஓவிய பாணிக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. வேங்கை மரப்பால் கொண்டு சில கோடுகளில் தேனெடுப்பையும் ஆட்டத்தையும் வரையும் குறும்பர் ஓவியத்தில், ரைனிகரின் நிழலுருவங்களுக்கு இருந்த அதே வலிமை இருக்கிறது: முகம் இல்லாமலே உடல் பேசும். வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாய் அமையும் தோடர் பூத்தையல் இன்னொரு வழி. மென்பொருளுக்குக் காசில்லை, கணினி ஒன்று போதும். பணம் கிடைத்தால் அதை முதலில் போட வேண்டிய இடம் ஸ்டோரிபோர்டுச் சுவர்: கதையை மூன்று நான்கு முறை கலைத்து அடுக்குவதற்கான மாதங்களுக்கு, அந்தச் சுவரின் முன் நிற்கப்போகிறவர்களின் சம்பளத்துக்கு.